காப்புக் கையோடு போட்ட கையெழுத்து

10-4-74, புதன்

கிணற்றில் தண்ணீர் இன்னும் ஒரு படி இறங்கிவிட்டது. ஒன்றரை மணி நேரம்தான் மோட்டார் ஓடியது, அப்புறம் காற்றைக் குடித்துவிட்டுக் கத்த ஆரம்பித்தது. கத்திரிக்கும் மிளகாய்க்கும் மட்டும் பாய்ச்சினேன். மேற்கு மூலை வரப்பில் எலி வளை. நாளைக்கு மண்வெட்டியோடு போக வேண்டும். நான் போகாவிட்டால் வேறு யார் போவது? அண்ணனுக்குச் சந்தைக்குப் போகவும் சொசைட்டிக்குப் போகவும்தான் நேரம் சரியாக இருக்கிறது.

மாரியம்மன் நோம்பி சாட்டியாகிவிட்டது. வரும் செவ்வாய் காப்பு, அதற்கடுத்த வாரம் புதன் அலகு. இந்த வருஷம் எனக்கும் அலகு. நாக்கில்.

தை மாதம் பாப்பாளுக்குத் தொண்டையில் வெள்ளையாகப் படர்ந்து மூச்சு அடைத்துக்கொண்டது. நாலு வயசுக் குழந்தை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணி கமலாத்தாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள், அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் வேண்டினேன். ஆத்தா, அவள் தொண்டையைத் திறந்துவிடு, நான் நாக்கைக் குத்திக்கொள்கிறேன் என்று. மூன்றாம் நாள் ஊசி வேலை செய்ததோ, ஆத்தா வேலை செய்தாளோ, “அத்தெ, தண்ணி” என்றாள். அண்ணன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “இனி அவ உனக்கும் மகதான் கண்ணு” என்றார்.

ஊரில் சிரிக்கிறார்கள். நாச்சம்மா நாக்கைக் குத்திக்கொண்டால் எருத்தேன்பதிக்கு ஒரு வாரம் காது குளிருமாம். சிரிக்கட்டும். என் வாய் நீளம்தான், எனக்கே தெரியும்.

14-4-74, ஞாயிறு

சித்திரைக் கனி. பாப்பாள் கண்ணைப் பொத்திக்கொண்டு வந்து, விரல் இடுக்கில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். திருட்டுக் கழுதை.

16-4-74, செவ்வாய்

காப்புக் கட்டியாகிவிட்டது. மஞ்சள் நூலை அரைத்த மஞ்சளில் தோய்த்துக் கொண்டுவந்தது அண்ணிதான். பூசாரி வலது மணிக்கட்டில் மூன்று முடிச்சுப் போட்டார். வெள்ளி சாயங்காலம், அதாவது 26-ஆம் தேதி அவிழ்க்கிறவரைக்கும் ஒரு பொழுதுதான் சாப்பாடு, படுக்கை வெறுந்தரையில். ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் யாருக்காக வேண்டினோமோ அவர்களுக்கு ஆகாது. பூசாரி சொல்லச் சொல்ல அண்ணன் பாப்பாளை இடுப்பில் வைத்துக்கொண்டு தலையாட்டினார்.

17-4-74, புதன்

மதியம் அண்ணன் ஒரு காகிதம் கொண்டுவந்தார். மலையாளம். வீட்டில் பேச்சு தமிழானாலும் எங்கள் ஊர் மலையாள நாட்டில், ஆபீஸ் காகிதமெல்லாம் அப்படித்தான். நான் எட்டாவது வரை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். வாரப் பத்திரிகையில் ஒரு வரி விடாமல் படிப்பேன், ஆனால் மலையாள எழுத்து எனக்கு ஜிலேபி பிழிந்த மாதிரிதான் தெரியும்.

அப்பன் நாற்பது வருஷம் குத்தகைக்கு உழுத நாலு ஏக்கருக்குச் சித்தூரில் 25-ஆம் தேதி விசாரணையாம். உழுதவனுக்கே நிலம் என்று சட்டம் வந்து நாலு வருஷமாகிறது, இப்போதுதான் எங்கள் முறை வந்திருக்கிறது. அப்பன் இல்லை. வாரிசு அண்ணனும் நானும். இரண்டு பேர் பெயருக்கும் நில உரிமைப் பட்டயம் வர வேண்டும்.

“இருவத்தஞ்சா? அப்ப எனக்குக் காப்பு இருக்குமே ண்ணா. தேதிய மாத்திக் கேளுங்களேன்” என்றேன்.

“ஆபீசுக்காரங்ககிட்டப் போயி நாம தேதி சொல்ல முடியுமா கண்ணு? அதுக்குத்தான் இந்தக் கடுதாசி. காப்புக் கட்டீருக்கறதால வர முடியல, என்ற அண்ணனே எனக்கும் சேத்துப் பேசுவாருன்னு எழுதீருக்குது. கீழ கையெழுத்துப் போடு.”

போட்டேன். என்னைப் பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்து, பதினோராம் மாசம் அந்த ஆள் இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தபோது, சேதி கேட்ட அன்றைக்கே வண்டி பூட்டிக்கொண்டு வந்து என்னை அழைத்துப்போன அண்ணன் அல்லவா? ஒரு கேள்வி கேட்கவில்லை. பத்து வருஷம் ஆகிறது. அவர் நீட்டின காகிதத்தில் என்ன பார்க்க வேண்டியிருக்கிறது?

கையெழுத்துப் போட்டபோது காப்பு நூல் ஈரமாக இருந்து காகிதத்தில் ஒரு மஞ்சள் கறை பட்டுவிட்டது. அண்ணன் வேட்டி நுனியால் ஒற்றி எடுத்தார்.

22-4-74, திங்கள்

பயமாக இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தேன், இவ்வளவு சின்னதா?

24-4-74, புதன். மதியம் ஒரு மணி

ஆகிவிட்டது. எழுத முடிகிறது, பேச முடியவில்லை.

விநாயகர் கோயில் கிணற்றடியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றினார்கள், மஞ்சள் சேலை. அலகு குத்துகிற பழனிச்சாமி எலப்புள்ளியிலிருந்து வந்திருந்தார். எனக்கு முன்னால் மூன்று பேர். என் முறை வந்ததும் கால் பின்னால் நகர்ந்தது. அவர் பார்த்துவிட்டார். “அம்மிணி, புள்ளையப் பாத்துக்கங்க. வேற எங்கயும் பாக்காதீங்க” என்றார். அண்ணன் தோளில் பாப்பாள் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். விபூதி தொட்ட துணியால் நாக்கைப் பிடித்து இழுத்தார். உடுக்கைச் சத்தம். ஒரு குளிர்ச்சி, அப்புறம் ஒரு அழுத்தம், அவ்வளவுதான். வலி என்று அப்போது ஒன்றும் இல்லை. சத்தியமாக இல்லை.

வேலோடு கோயில் வரைக்கும் நடந்தேன். வாயை மூட முடியாது, எச்சில் நெஞ்சில் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கக்கூடக் கை வரவில்லை. வழியெல்லாம் காலில் தண்ணீர் ஊற்றினார்கள். என்னைக் கேலி செய்த பெண்களே விழுந்து கும்பிட்டார்கள். அம்மன் முன்னால் வேலைப் பிடுங்கினபோதுதான் உயிர் போனது. பழனிச்சாமி விபூதியை வைத்துக் கட்டை விரலால் அழுத்திக்கொண்டு நின்றார். “இனி பொழுது சாயற வரைக்கும் பேச்சு வேண்டாம், சூடு வேண்டாம், காரம் வேண்டாம். உப்புத் தண்ணி கொப்புளிச்சுக்கிட்டே இருங்க. நாளைக்கு வீங்கும், பயந்துக்காதீங்க.”

நாளைக்கா? இப்போதே வாய் கொள்ளாமல் வீங்கிக் கிடக்கிறது. துப்பினால் ரோஸ் நிறம். இடது காது வரைக்கும் விண் விண் என்கிறது. மோரைத் தலையைச் சாய்த்துக்கொண்டு ஓரமாக ஊற்றினேன், பாதி கழுத்தில். பாப்பாள் கிட்ட வந்து, “அத்தெ, ஆ காட்டு” என்றாள். காட்டினேன். “ஓட்டையே இல்ல” என்று ஏமாந்து போய்விட்டாள். சிரித்தேன். சிரித்தால் வலிக்கிறது.

மனசு நிறைந்திருக்கிறது. வேண்டினதைக் கொடுத்துவிட்டேன்.

அதே நாள், நாலரை மணி

எழுதித் தீர்க்காவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

எங்கள் நிலத்துக்குப் பக்கத்துக் காட்டுப் பொங்கியண்ணன் தீர்த்தம் கொடுக்க வந்தார். எங்களைப் போலவே குத்தகைக்காரர், நாளைக்கு அவருக்கும் சித்தூரில் விசாரணை. மலையாளம் நன்றாகப் படிப்பார். நல்ல மனுஷர். நல்ல மனசோடுதான் சொன்னார்.

“உங்களாட்டம் மனசு ஆருக்குங்க அம்மிணி வரும்? அண்ணன் புள்ளைக்கு நாக்கையுங் குத்திக்கிட்டு, காட்டையும் அண்ணனுக்கே உட்டுக் குடுத்துட்டீங்க.”

என்ன காடு என்று கையால் கேட்டேன்.

“அதானுங்க, அப்பன் வகையில எனக்குப் பாத்தியம் ஒண்ணும் வேண்டாம், நான் கல்யாணமாகிப் போனவ, பட்டயத்த அண்ணன் பேருக்கே குடுத்துருங்கன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கல்லோ. சாட்சிக் கையெழுத்து நானுந்தான் போட்டேன். ரெண்டு தடவ படிச்சுப் பாத்துட்டுத்தானுங்க போட்டேன்.”

நான் பாயிலிருந்து எழுந்தேன். கத்தத்தான் போனேன். வந்தது வெறும் ‘ஆ… ஆ’ என்ற சத்தமும் வாய் நிறைய ரத்தமும். அவர் அருள் வந்துவிட்டது என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அட பாவமே.

அண்ணி ஆறின கஞ்சியோடு வந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் கஞ்சியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்போது தெரிந்துவிட்டது, இவளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் நூலை மஞ்சளில் தோய்த்துக் கொண்டுவந்தாள்.

கல்யாணமாகிப் போனவளா நான்? எங்கே போனேன்? பத்து வருஷமாக அந்தக் காட்டில் களை வெட்டினது எந்தக் கழுதை?

பொழுது சாய்ந்து

உப்புத் தண்ணீர் ஆறு தடவை கொப்பளித்தாகிவிட்டது. ரத்தம் நின்றுவிட்டது. ‘ல’வும் ‘ர’வும் சுத்தமாக வரவில்லை. சுவரைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன்.

அவன் வாசலில் பந்தி பரிமாறிக்கொண்டிருக்கிறான். “எங்கூட்டுச் சாமி உள்ள படுத்திருக்குது” என்று விருந்துக்கு வந்த ஒறம்பரைகளிடம் சொல்லிச் சிரிக்கிறான்.

விசாரணை நாளைக்குப் பதினோரு மணிக்கு. ஏழு மணி பஸ் ஏறினால் போய்விடலாம். மணிக்கட்டில் இந்த நூல். இதை அறுத்துப் போட்டுவிட்டுப் போகலாம். நூல்தானே? அறுக்க ஒரு பல் போதும்.

போய், திரும்பி வந்து, பாப்பாள் இருமினால்?

அவள் தொண்டைக்குத்தானே நாக்கைக் கொடுத்தேன்? அவளைப் பெற்றவனே அவளை வைத்து என்னைக் கட்டிப்போட்டிருக்கிறான். ஊரில் எவனுக்காவது இது தோன்றுமா? காடு வேண்டும் என்று என் முகத்துக்கு நேராகக் கேட்டிருந்தால்கூடக் கொடுத்திருப்பேனோ என்னவோ. தெரியவில்லை. கேட்கவில்லையே அவன்.

போகப் போவதில்லை. ஆனால் வாய்தான் இல்லை, கை இருக்கிறது. தமிழில் எழுதப் போகிறேன். சித்தூர் ஆபீசில் தமிழ் தெரிந்த ஒருத்தன்கூடவா இருக்க மாட்டான்?

25-4-74, வியாழன்

விடிந்ததும் பொங்கியண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றேன். நாக்கு இன்றைக்குத்தான் நன்றாக வீங்கியிருக்கிறது, பல்லில் படுகிறது. மனுவைக் கொடுத்தேன். படித்தார். ‘எனக்கு மலையாளம் தெரியாது. காப்புக்காக வர முடியவில்லை என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார். என் பாத்தியத்தை நான் விட்டுக்கொடுக்கவில்லை. காப்பு அவிழ்த்ததும் எப்போது கூப்பிட்டாலும் வருகிறேன்.’ அவ்வளவுதான் எழுதியிருந்தேன்.

மனுஷருக்கு முகமே செத்துப்போய்விட்டது. “படிச்சுப் பாத்துத்தான் போட்டீங்கன்னு நெனச்சனுங்க… குடும்பத்துக்குள்ள ஓரியாட்டம் சண்டைன்னா, நான் நடுவால வந்து…” என்று இழுத்தார். நான் வாயைத் திறந்து நாக்கைக் காட்டினேன். வேறு என்ன செய்வது? காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கொடுப்பேன் என்று சொல்லவில்லை.

அங்கிருந்து நேராக எல்லைக் கல் வரைக்கும் நடந்தேன். பஸ் வந்தது. கல்லை ஒட்டின பாலம் குறுகல் என்பதால் அங்கே மெதுவாகத்தான் போகும். இரண்டாவது ஜன்னலில் அவன். வெள்ளைச் சட்டை, நான் வெளுத்துப் போட்ட சட்டை. என்னைப் பார்த்தான். எல்லைக் கல்லைப் பார்த்தான். அப்புறம் முன்னால் உட்கார்ந்திருந்தவன் தலையைப் பார்த்துக்கொண்டான். ஒரு காலைத் தூக்கினேன், சத்தியமாகத் தூக்கினேன். திரும்ப இந்தப் பக்கமே வைத்தேன். பஸ் போய்விட்டது.

மாலை: பொங்கியண்ணன் வந்து வாசலில் நின்றபடியே சொன்னார். மனுவைக் கொடுத்துவிட்டாராம். தமிழ் தெரிந்த கிளார்க் ஒருவர் உரக்கப் படித்தாராம். அதிகாரி இவனைக் கேட்டதற்கு, “அலகு குத்தி அருள் வந்து கெடக்குறாளுங்க. என்ன எழுதறம்னு அவளுக்கே தெரியாதுங்க” என்றானாம்.

அருள் வந்து கிடக்கிறேனாம். பத்து வருஷமாகக் கிடந்தேன், நேற்று நாலரை மணிக்குத்தான் தெளிந்தது.

அதிகாரி ஒத்தி வைத்துவிட்டார். மே 20. இரண்டு பேரும் நேரில் வர வேண்டும்.

26-4-74, வெள்ளி

சாயங்காலம் காப்பு அவிழ்த்தார்கள். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். பாதி எழுத்து வரவில்லை, கொழ கொழ என்றுதான் வந்தது. பரவாயில்லை, அவனுக்குப் புரிந்தது.

“ஏன் ண்ணா இப்படிச் செஞ்சீங்க?”

“உனக்கென்ன தெரியும்? உன்ற பேர்ல இருந்தா நாளைக்கு அந்தப் பொள்ளாச்சிக்காரன் வந்து புருசன்னு நிப்பான். காடு அவங்கைக்குப் போகோணுமா? உனக்கு நான் சோறு போடமாட்டனா?”

“சோறு போடறதுக்கு நான் என்ன நாயா? இத அன்னைக்கே எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?”

“சொன்னா நீ உடுவியா? உன்ற வாயப் பத்தி ஊருக்கே தெரியும்.”

என் வாய் திறக்க முடியாத நாளாகப் பார்த்திருக்கிறான். அண்ணியிடம் திரும்பினேன். “நங்கையா, உங்களுக்குத் தெரியுமா?” அவள், “ஆம்பளைங்க பேசி முடிவு பண்றாங்கொ, நான் என்னத்தக் கண்டேன்” என்றாள். அப்புறம் பாப்பாளின் தலையைக் கோதிக்கொண்டே, “தெரியும் நாச்சா” என்றாள். இவள் ஒருத்தி நிஜம் சொன்னாள். அதற்காக இவளை மன்னிக்க வேண்டுமா? முடியவில்லை.

அழுதேன். மூக்கு அடைத்து வாயால் மூச்சு விட்டபோது புண் காய்ந்து இழுத்தது.

3-5-74, வெள்ளி

நாக்கு ஆறிவிட்டது. நடுவில் ஒரு சின்னக் கெட்டி மட்டும். மிளகாய் பட்டால் எரிகிறது, மற்றபடி எல்லா எழுத்தும் வருகிறது. ஆனால் இந்த வீட்டில் யாரோடு பேச?

20-5-74, திங்கள்

சித்தூர் போய் வந்தேன். ஒரே பஸ். அவன் முன்னால், நான் பின்னால்.

அதிகாரி நடுவயசுக்காரர், மலையாளத்தில்தான் கேட்டார். பேசினால் எனக்குப் புரியும், எழுத்துத்தான் ஆகாது. காகிதக் கட்டைப் புரட்டிவிட்டு அவனைக் கேட்டார்: “முதலில் ஏப்ரல் எட்டாம் தேதிக்கல்லவா நோட்டீஸ் வந்தது? கோயில் திருவிழா என்று சொல்லி இருபத்தைந்துக்கு மாற்றிக் கேட்டு மனு கொடுத்தது நீங்கள்தானே?”

எட்டாம் தேதி. எட்டாம் தேதி என் கையில் காப்பு இல்லை. நாக்கில் புண் இல்லை. எல்லைக் கல்லைத் தாண்டி நான் பாட்டுக்கு வந்திருப்பேன். ஆபீசுக்காரங்ககிட்டத் தேதி சொல்ல முடியுமா கண்ணு என்று கேட்டானே. அந்தக் கண்ணு என்ற வார்த்தையை எப்படி அவனால் சேர்த்துச் சொல்ல முடிந்தது?

இதுவரைக்கும் மனசின் ஒரு மூலையில், பொள்ளாச்சிக்காரனுக்குப் பயந்துதான் செய்திருப்பான் என்று ஒரு சாக்கு வைத்திருந்தேன். அதுவும் இன்றைக்குப் போயிற்று.

அதிகாரி என்னைக் காட்டி, நிலத்தில் இந்தப் பெண் வேலை செய்கிறாளா என்று கேட்டார். பெஞ்சில் பொங்கியண்ணன் உட்கார்ந்திருந்தார், எனக்குச் சாட்சி சொல்ல அவராகவே வந்திருந்தார். அவரைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை. “ஆமாங்க” என்றான். நான் பேசத் தயார் செய்துகொண்டு போனதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படவில்லை.

22-5-74, புதன்

மாடு கட்டுகிற சாலையின் கிழக்கு ஓரத்தைத் தட்டி வைத்து அடைத்தேன். தனி அடுப்பு. புகைகிறது.

15-1-75, புதன்

மாட்டுப் பொங்கல். பட்டயம் போன வாரம் வந்துவிட்டது. அவன் காளிச்சாமி, நான் நாச்சம்மாள், இரண்டு பெயரும். பொங்கியண்ணன் படித்துக் காட்டினார், அப்புறம் கொழிஞ்சாம்பாறையில் ஒரு வாத்தியாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொன்னேன்.

என் பங்கில் நிலக்கடலை பிடுங்கியாகிவிட்டது. எருதுகளுக்குக் கொம்பு கழுவி வண்ணம் பூசினேன். வரப்புக்கு அந்தப் பக்கம் அவனும் பூசிக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் நிமிரவில்லை.

மதியம் பாப்பாள் ஒரு போசி நிறையச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தாள். “அம்மா குடுத்துட்டு வரச் சொல்லுச்சு. நெய் எச்சா ஊத்தீருக்குது” என்றாள். நன்றாகப் பேசுகிறாள், தொண்டை கணீரென்று இருக்கிறது. அவளை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சாப்பிட்டோம். நெய் கூடுதலாகத்தான் ஊற்றியிருந்தாள்.

போசியைக் கழுவினேன். எங்கள் பக்கம் வந்த ஏனத்தை யாரும் வெறுமையாகத் திருப்பி அனுப்புவதில்லை. நாலு கத்திரிக்காய், ஒரு பிடி கடலை, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு துண்டு வெல்லமாவது போட்டுத்தான் கொடுப்போம். மூலையில் கடலை மூட்டை மூட்டையாக இருந்தது. பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன்.

மூடியை மூடி அப்படியே அவள் கையில் கொடுத்தேன். பாப்பாள் வாங்கி, குலுக்கிப் பார்த்தாள். மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“போயிட்டு வா கண்ணு” என்றேன்.